மயக்கம் தெளிந்த பின்

கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ ஒரு பெரிய மருத்துவமனையின் அறுவைப் பிரிவில், மாலைப் பார்வை நேரத்தில் அரைமணி நேரம் நிற்பவர் ஒரே வாக்கியத்தைப் பல கட்டில்களின் அருகே கேட்கலாம்: "இன்னும் மயக்கம் தெளியல." பித்தப்பை எடுக்கப்பட்டு இரண்டு மணி நேரமே ஆன இளம்பெண்ணைப் பற்றிக் கணவன் சொல்வது இது. இடுப்பெலும்பு முறிந்து, அறுவை முடிந்து மூன்று நாள் ஆன எழுபத்தெட்டு வயதுப் பாட்டியைப் பற்றி மகள் சொல்வதும் இதுவே. இளம்பெண் கேட்டதற்கு ஒரு சொல்லில் விடை தந்துவிட்டு மீண்டும் கண்ணை மூடிக்கொள்கிறாள். பாட்டியோ மகளைப் பார்த்து, நாற்பது ஆண்டுக்கு முன் தோட்டத்தில் தம்மோடு மரம் வெட்டியவளின் பெயரைச் சொல்லி அழைக்கிறார். பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கட்டிலைவிட்டு இறங்கப் பார்க்கிறார்.

முதல் நிலை எதிர்பார்க்கத்தக்கது. சில மணி நேரத்தில் தானே நீங்குவது. இரண்டாம் நிலை அன்றே, அப்போதே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டியது. ஆனால் இரண்டுக்கும் ஒரே சொல் வழங்குவதால் இரண்டுக்கும் ஒரே மருந்து வாய்க்கிறது, அம்மருந்து பொறுத்திருத்தல். இளம்பெண்ணுக்குப் பொறுத்திருத்தலால் தீங்கில்லை. பாட்டிக்கு அது பெருந்தீங்காக முடியலாம்.

ஒரு சொல்லின் சுமை மிகும்போது அதனைத் தாங்குபவர் நோயாளியாக இருந்தால், அது மொழியாராய்ச்சியாளருக்கும் உரிய செய்தியாகிறது. 'மயக்கம்' என்னும் சொல் எவ்வாறு இத்தனைப் பொருள்களை ஏற்றது, தமிழில் வேறு சொற்கள் இல்லையா, இருந்தால் அவை ஏன் நோயாளியின் கட்டிலருகே வரவில்லை என்பன ஆராயத் தக்கன.

சொல்லின் பரப்பு

தமிழாசிரியர்க்கு மயக்கம் என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது இலக்கணமே. மெய்யெழுத்துகள் ஒன்றோடொன்று கூடி நிற்பது மெய்ம்மயக்கம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயங்கியல் ஒரு தனி இயல். ஒரு நிலத்துக்குரிய பொருள் மற்றொரு நிலத்தோடு கலந்து வருவது திணைமயக்கம். இங்கெல்லாம் மயக்கம் என்பது கலப்பு. கலந்தவை தம் இயல்பை இழப்பதில்லை. இன்னது இன்னதனோடு கலந்தது என்று பிரித்துக் காட்டுவதே இலக்கண ஆசிரியனின் வேலை.

வழக்கில் இச்சொல் வேறு திசைகளில் நடந்தது. கள்ளுண்டவன் நிலை மயக்கம். காதலுற்றவன் நிலையும் மயக்கம். வெயிலில் நின்று விழுந்த பிள்ளைக்கு வந்தது மயக்கம். காலையில் எழுந்தவுடன் தலை சுற்றினால் அதுவும் மயக்கம். கருவுற்றவளின் வாந்தியோடு இணைத்து 'வாந்தி மயக்கம்' என்பதும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைப் புரட்டினால் மனக்குழப்பம், அறிவின்மை, சோர்வு, கலப்பு எனப் பொருள்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம்.

இத்தனைப் பொருள்களைச் சுமந்துகொண்டிருந்த சொல்லின் தலைமேல் கடைசியாக ஏற்றப்பட்ட மூட்டைதான் மயக்க மருந்து.

பாஸ்டன் நகரில் கிடைத்த பெயர்

1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஈதர் ஆவியை ஒரு நோயாளிக்கு முகரச் செய்தார், கழுத்திலிருந்த கட்டி அறுக்கப்பட்டது, நோயாளி அலறவில்லை. அதற்கு நாற்பத்திரண்டு ஆண்டுக்கு முன்பே, 1804இல், ஜப்பானில் ஹனவோகா செய்ஷூ என்பார் மூலிகை மருந்து ஊட்டி நோயாளியை உணர்விழக்கச் செய்து மார்பகக் கட்டியை அறுத்திருந்தார். எனினும் அச்செய்தி ஜப்பானின் எல்லையைத் தாண்டவில்லை. பாஸ்டன் செய்தி கப்பலேறி உலகெங்கும் பரவியது. மறு ஆண்டு எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் குளோரபார்மைப் புகுத்தினார்.

மொழிநூலார் கருதத்தக்க நிகழ்ச்சி ஒன்று அடுத்த மாதமே நடந்தது. மருத்துவரும் கவிஞருமாகிய ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1846 நவம்பரில் மார்ட்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இப்புது நிலைக்கு ஒரு பெயர் வேண்டும் என்று கூறி, 'உணர்ச்சியின்மை' எனப் பொருள்படும் பழைய கிரேக்கச் சொல்லை எடுத்துக் கொடுத்தார். அனஸ்தீசியா என்று இன்று உலகம் வழங்குவது அதுவே. தூக்கம் என்றோ வெறி என்றோ மூர்ச்சை என்றோ முன்பிருந்த சொல்லால் அவர் அதனை அழைத்திருக்கலாம். புது நிலை பழைய நிலைகளோடு கலந்துவிடக் கூடாது என்பதே அவர் கருத்தாக இருந்திருக்க வேண்டும்.

தமிழில் அவ்வாறு நிகழவில்லை. 'உணர்வகற்றி', 'உணர்விழப்பு' முதலிய கலைச்சொற்கள் அகராதிகளில் உள்ளன. மக்கள் வாயில் நிலைத்தது மயக்க மருந்தும் மயக்க ஊசியுமே. இதனைக் குறையென்று சொல்வதற்கில்லை. மக்கள் தமக்கு எட்டிய சொல்லை எடுத்துக்கொண்டனர். அன்றியும், அவர்கள் அச்சொல்லுக்குள்ளேயே வேறுபாடு செய்தும் இருக்கின்றனர். முதுகுத் தண்டருகே ஊசியிட்டு இடுப்புக்குக் கீழ் மட்டும் உணர்வை நீக்குவது 'பாதி மயக்கம்'. முழுவதும் உறங்கச் செய்வது 'முழு மயக்கம்'. மலாய்மொழி வழக்கும் இத்தகையதே. 'பியுஸ்' என்னும் ஒரே சொல்லோடு பாதி, முழு என்னும் அடைகளைச் சேர்த்து அங்கும் வழங்குவர். பல்லைப் பிடுங்கும்போது இடுவதை 'மரத்துப்போகிற ஊசி' என்று சொல்லும் பாட்டி, எந்தக் கலைச்சொற் குழுவுக்கும் குறையாத சொல்லாக்கத் திறனுடையவர்.

ஆகவே, குறை மருந்தின் பெயரில் இல்லை. அம்மருந்துக்குப் பின் வரும் நாள்களில் நேர்வன அனைத்துக்கும் அப்பெயரையே நீட்டுவதில்தான் இருக்கிறது.

கண் திறந்த பின் நேர்வன

கண் திறந்த நோயாளிக்கு என்னென்ன நேரும் என்பதை நிரல்படக் காண்பது நலம். மூச்சுக்குழாயில் குழல் செலுத்தப்பட்டிருந்தால் தொண்டை கரகரக்கும்; விழுங்க வலிக்கும்; ஓரிரு நாளில் நீங்கும். அறுவை அறையில் உடற்சூடு குறைவதாலும் மருந்தின் செயலாலும் உடல் வெடவெடவென்று நடுங்கும். குமட்டலும் வாந்தியும் மூவரில் ஒருவர் அளவில் வருவன. பெண்களுக்கும், புகைபிடிக்காதவர்க்கும், பேருந்தில் ஏறினால் வாந்தி எடுப்பவர்க்கும், முன்னர் அறுவைக்குப் பின் வாந்தி எடுத்தவர்க்கும், அறுவைக்குப் பின் அபின்வழி வலிநீக்கி மருந்து பெறுவோர்க்கும் இவை மிகும். இதனை முன்னதாகவே மயக்க மருத்துவரிடம் சொன்னால் தடுப்பு மருந்து கொடுப்பார்.

அபின்வழி மருந்துகளால் அரிப்பும் மலச்சிக்கலும் தோன்றலாம். சிறுநீர் முட்டியும் இறங்காமல் போகலாம். முதுகில் ஊசியிட்டவர்க்குச் சில மணி நேரம் கால் மரமரத்திருக்கும்; சிலருக்கு, எழுந்து உட்கார்ந்தால் தலை வலித்துப் படுத்தால் குறையும் ஒருவகைத் தலைவலி வரும். சிறிய அறுவைக்குப் பின் அன்றே வீடு திரும்புபவர், இருபத்துநான்கு மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, பத்திரங்களில் கையொப்பமிடக் கூடாது என்று மருத்துவர் கூறுவதும் காரணமுள்ளதே. கண் தெளிந்திருக்கும், தீர்மானிக்கும் திறன் முழுமையாகத் திரும்பியிராது.

இவை ஒவ்வொன்றுக்கும் தமிழில் சொல் உண்டு. வயிறு புரட்டுவது குமட்டல்; வெளியே ஒன்றும் வராமல் வயிறு எக்குவது ஓங்காளிப்பு; வெளிவருவது வாந்தி. சூழல் சுழல்வது தலைச்சுற்றல். நிலையின்றி லேசாவது கிறுகிறுப்பு. எழும்போது பார்வை மங்குவது கண்ணிருட்டல். உணர்வு பாதி வந்தும் வராத உறுப்புக்கு மரமரப்பு. உறக்கம் விட்டும் விடாத நிலைக்குத் தூக்கக் கலக்கம். செய்ய ஆற்றலின்றிக் கிடப்பதற்கு அசதி. இச்சொற்களை எந்த அறிஞரும் ஆக்கவில்லை. பாட்டிமார் ஆக்கியவை, பாட்டிமார் அறிந்தவை.

அவ்வாறிருந்தும் கட்டிலருகே இவை அனைத்தும் 'மயக்கமா இருக்கு' என்னும் ஒரு தொடரில் அடங்கிவிடுகின்றன. மலேசியாவில் இதற்கு இன்னொரு படியும் உண்டு. பாட்டி சொன்னதை மகளோ பேரனோ மிஸ்ஸியிடம் மலாயில் சொல்லவேண்டும். 'மயக்கம்' என்பது 'பெனிங்' ஆகிறது. பெனிங் என்பது தலைச்சுற்றல். பேச்சுவழக்கில் தலைவலியும் அதுவே. குமட்டியதைச் சொல்ல நினைத்த பாட்டிக்கு இவ்வாறு தலைவலி மாத்திரை கிடைக்கலாம். மொழிபெயர்ப்பாளர் தவறு செய்யவில்லை. மூலமே பொருள் மயங்கி நின்றது.

மூன்றாம் நாள் மயக்கம்

முதலில் கூறிய பாட்டியின் நிலைக்கு இனி வருவோம். அறுவையின்போது கொடுத்த மயக்க மருந்தின் வேலை பெரும்பாலும் சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஒரு நாளில் தீர்ந்துவிடும். மூன்றாம் நாள் ஆள் தெரியாமற் பேசுவதை அம்மருந்தின் மிச்சம் என்று விட்டுவிட இயலாது. முதியோர்க்கு அறுவைக்குப் பின் முதல் சில நாள்களில் தோன்றும் இக்குழப்பத்தை மருத்துவர்கள் தனி நிலையாகவே கொள்கின்றனர். அது திடீரென்று தொடங்கும், ஒரே நாளில் கூடும், குறையும், இரவில் மிகும். கவனம் நில்லாது. சிலர் கூச்சலிட்டு, கையில் ஏற்றிய குழாயைப் பிடுங்குவர். வேறு சிலர் பேச்சற்று, உண்ணாமல், சுவரைப் பார்த்துக் கிடப்பர். இரண்டாம் வகையினரை 'நன்றாகத் தூங்குகிறார்' என்று உறவினர் மகிழ்ந்து விட்டுவிடுவதால், அதுவே பெரிதும் கண்டறியப்படாமற் போகிறது.

1955இல் ஆக்ஸ்போர்டு மருத்துவர் பெட்போர்டு, முதியோர் மூளையில் மயக்க மருந்தின் தீய விளைவுகள் பற்றி லான்செட் இதழில் எழுதினார். அறுவைக்குப் பின் தாத்தா பழைய தாத்தாவாக இல்லை என்று உறவினர் கூறிய சொல்லை மதித்து அதனை ஆராயப் புகுந்ததே அக்கட்டுரையின் பெருமை. பழியை மயக்க மருந்தின்மேலேயே பெரிதும் ஏற்றிய அம்முடிவு பின்வந்த ஆராய்ச்சிகளால் திருத்தம் பெற்றது. 2021இல் வட அமெரிக்காவில் இடுப்பெலும்பு முறிந்த ஆயிரத்து அறுநூறு பேரிடம் நடந்த ஆய்வொன்றில், பாதி மயக்கம் பெற்றவரிலும் முழு மயக்கம் பெற்றவரிலும் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்க்கு இக்குழப்பம் தோன்றியது. மருந்தின் வகையை மாற்றியதால் வேறுபாடு காணப்படவில்லை.

அப்படியானால் காரணங்கள் எவை? அடங்காத வலி, சளிக்காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுதல், உப்புச்சத்துக் குறைதல், உயிர்வளி குறைதல், சிறுநீர் கட்டிக்கொள்ளல், மலம் கட்டுதல், உறக்கமின்மை, வேறு மாத்திரைகள் என்று பல. இவற்றுட் பல கண்டுபிடித்தால் நீக்கத் தக்கவை. கண்டுபிடிக்காவிட்டால் உயிருக்கே உலை வைப்பவை. 'மயக்கம் தெளியல' என்று சொல்லும்போது, காரணம் தெரிந்துவிட்டது, காலம்தான் ஆகவேண்டும் என்ற முடிவு அச்சொல்லுக்குள்ளேயே அமர்ந்துவிடுகிறது. காய்ச்சலையோ தொற்றையோ தேடவேண்டும் என்னும் எண்ணம் எழுவதில்லை. பேய் பிடித்தது, காற்றுக் கறுப்பு அண்டியது என்று சொல்பவர் செய்யும் பிழையும், மயக்க மருந்தின் வேலை என்று படித்தவர் செய்யும் பிழையும் இவ்விடத்தில் ஒன்றே. இரண்டும் தேடுதலை நிறுத்துகின்றன.

இதனின் வேறானது, வீடு திரும்பிய பின் சில கிழமைகளோ சில மாதங்களோ முதியவர்க்கு இருக்கும் மந்தம். பெயர் நினைவு வர நேரமாகும், கடைக்கணக்குத் தவறும், செய்தித்தாளில் ஒரு பத்தியை இருமுறை படிக்க நேரும். பலருக்கு இது மெல்ல மெல்லச் சீர்ப்படும். மூன்றாம் நாள் தடுமாற்றத்தையும் மூன்றாம் கிழமை மந்தத்தையும் ஒரே பெயரால் அழைத்தால் எது அவசரம், எது பொறுமைக்குரியது என்பது தெரியாமற் போகும்.

இலக்கியம் காட்டுவதும் காட்டாததும்

தமிழிலக்கியம் உடலை நுணுகிக் காணும் ஆற்றலற்றதன்று. பதிற்றுப்பத்தின் நாற்பத்திரண்டாம் பாட்டில், போர்ப்புண்ணைத் தைக்கும் ஊசிக்குப் பரணர் கூறும் உவமை சிச்சிலிப் பறவை. அது குளத்துள் பாய்ந்து மீனுடன் எழுவதுபோல, ஊசி குருதியுள் மூழ்கி எழுகிறது. அறுவை மருத்துவர் எவரும் ஒப்புக்கொள்ளும் உவமை இது. திருநாவுக்கரசர் தம் முதற்பதிகத்தில் சூலையை வெறும் துன்பமென்று கூறி நிறுத்தாமல், வயிற்றுள் எங்கே, எவ்வாறு அது முடக்குகிறது என்று காட்டுகிறார். நோயாளி மருத்துவரிடம் சொல்லவேண்டிய முறையும் அதுவே.

அறுவைக்குப் பின் நாள்களுக்கு மிக நெருங்கி வருவது புறநானூற்றின் 281ஆம் பாட்டு. அரிசில் கிழார் பாடியது. புண்பட்டுக் கிடக்கும் வீரனைப் பேய் தீண்டாதபடி காக்க மனைவி தோழியை அழைக்கிறாள். மனையில் வேப்பிலை செருகுகின்றனர், யாழும் பிற இயங்களும் ஒலிக்கின்றன, வெண்சிறுகடுகு தூவப்படுகிறது, மணி அடிக்கப்படுகிறது, நறும்புகை எழுகிறது, காஞ்சிப் பண் பாடப்படுகிறது. அவர்கள் அஞ்சியது பேயை. அந்த அச்சத்தை இன்று ஏற்க வேண்டுவதில்லை. எனினும் அங்கே நிகழ்வது என்ன? புண்பட்டவன் தன் வீட்டில் இருக்கிறான். பழகிய குரல்கள் கேட்கின்றன. பழகிய மணம் வருகிறது. அவனைத் தனியே விடாமல் இருவர் விழித்திருக்கின்றனர்.

இன்றைய மருத்துவமும் முதியோர் குழப்பத்துக்கு ஊசி மருந்தினும் முதலாகப் பரிந்துரைப்பது இத்தகைய காவலையே. பழகிய முகம் அருகில் இருத்தல், கண்ணாடியையும் காதுக் கருவியையும் பல்வரிசையையும் திரும்பக் கொடுத்தல், இது இன்ன நாள் இன்ன இடம் என்று மெல்லச் சொல்லல், பகலில் வெளிச்சமும் இரவில் அமைதியும் தருதல், நீர் பருகச் செய்தல், மருத்துவர் இசைந்தவுடன் எழுந்து உட்காரச் செய்தல் என்பன அவை. வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் கூறி, நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து துணைசெய்பவனையும் ஒருங்கு வைத்தது எத்துணைப் பொருத்தம் என்பது இங்கே விளங்கும்.

பழைய இலக்கியம் இங்ஙனமிருக்க, இக்காலக் கதைகளும் திரைப்படங்களும் செய்வதென்ன? அறுவை அறையின் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிகிறது. குடும்பத்தார் கைகூப்பி நிற்கின்றனர். விளக்கு அணைகிறது, மருத்துவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே இனி அச்சமில்லை என்கிறார். அடுத்த காட்சியில் நோயாளி கண் திறந்து, தெளிந்த குரலில், திருத்தமான வாக்கியங்களில் மகளுக்கு அறிவுரை கூறுகிறார். தொண்டை கரகரப்பதில்லை, குமட்டுவதில்லை, ஆள் மாறித் தெரிவதில்லை. கதையாசிரியர்க்கு அறுவை என்பது கத்தியும் கண்திறப்பும் ஆகிய இரண்டு கணங்களே. இடையிலும் பின்னும் உள்ள நாள்கள் கதைக்கு உதவா என்று தள்ளப்படுகின்றன.

இதனால் வரும் கேடு சிறிதன்று. 'மயக்கம் தெளிதல்' விளக்குப் போட்டாற்போல ஒரு கணத்தில் நிகழ்வது என்னும் எண்ணத்தை மக்கள் மனத்தில் ஊன்றியவை இக்காட்சிகளே. அவ்வெண்ணத்தோடு வார்டுக்குள் வரும் மகன், தன் தந்தை கண் திறந்தும் தெளியாதிருப்பதைக் கண்டு திகைக்கிறான். அல்லது அவருக்கு மனநோய் வந்துவிட்டதென்று வெட்கி, மருத்துவரிடம் மறைக்கிறான். நோயாளியும் பின்னர்த் தான் பேசியதைக் கேள்விப்பட்டு நாணி, அதைப்பற்றி வாய் திறப்பதில்லை. எழுதப்படாத அனுபவம் பேசப்படாத அனுபவமாகிறது. பேசப்படாததற்குச் சொல் வளர்வதில்லை.

கிறீன் வழியும் அதன் எல்லையும்

மருத்துவத்தைத் தமிழில் கூற இயலும் என்பதை நூற்றாண்டுக்கு முன்பே செய்து காட்டியவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். ஈதர் வெளிப்பட்ட மறு ஆண்டாகிய 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயைப் பணியிடமாகக் கொண்டார். 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்', 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. 1873இல் தாயகம் திரும்பி, 1884இல் மறைந்தார். தமிழில் முதலில் தேடுவது, இன்றேல் வடமொழியில் தேடுவது, அதுவும் இன்றேல் ஆங்கிலச் சொல்லையே தமிழொலியில் அமைப்பது என்னும் அவர் வழி, பின்வந்த சொல்லாக்கக் குழுக்கள் பலவற்றுக்கும் முன்னோடி.

கிறீனுக்குரிய புகழ் குன்றாதது. ஆயினும் அவர் நூற்பெயரையே எடுத்துக்கொள்வோம். அங்காதிபாதம் உடலமைப்பு நூல், சுகரணவாதம் உடலியங்கியல், உற்பாலனம் நலம் பேணல். இம்மூன்று சொற்களில் ஒன்றேனும் இன்று வழங்கவில்லை. 'இரண வைத்தியம்' என்பதோ இன்றும் எவர்க்கும் விளங்கும். காரணம் தெளிவு. இரணமும் வைத்தியமும் அவர் காலத்து மக்கள் வாயில் ஏற்கெனவே இருந்தன. ஏனையவை மாணவர்க்காக ஆக்கப்பட்டவை. கிறீன் மருத்துவர்க்குத் தமிழ் கொடுத்தார். நோயாளிக்குத் தமிழ் கொடுக்கும் பணி வேறு; அதற்குப் புதுச்சொல் ஆக்கம் அவ்வளவாக வேண்டுவதில்லை. இருக்கும் சொல்லைச் சரியான இடத்தில் வைத்தலே வேண்டும்.

கிறீன் பணிபுரிந்த யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்தோர் பலர் இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் மருத்துவத் துறையிலும் அமர்ந்து, பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் முதலிய இடங்களில் குடியேறினர். ஆனால் அவர்கள் புகுந்த துறைகளின் மொழி ஆங்கிலம். தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரசர் தமிழறிந்தவராக இருந்தபோதும் அவர் பதிவேடு ஆங்கிலத்தில் இருந்தது. தொழிலாளி தமிழில் சொன்னதை டிரசர் தம் மனத்திலேயே மொழிபெயர்த்துக்கொண்டார். அவர் இருந்தவரை அச்சுமை நோயாளியின் தலையில் விழவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கிருந்தோர் அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றுவிட்டனர். இடையில் நின்று பொருள் கூறிய டிரசரும் இன்றில்லை. அவர் செய்த பணி இன்று பதினைந்து வயதுப் பேரன் தலையில் விழுகிறது. அவனுக்கு மலாய் தெரியும். ஆங்கிலமும் ஓரளவு தெரியும். ஓங்காளிப்பு என்றால் என்னவென்று தெரியாது.

செய்யத் தக்கது

மருத்துவமனை மொழி மலாயும் ஆங்கிலமுமாக இருக்கும்போது தமிழ்ச் சொல்லைத் திருத்தி என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். வலி முதலில் தாய்மொழியில்தான் வாய்திறக்கிறது. தமிழில் தெளிவாகச் சொல்லப்பட்டது எம்மொழியிலும் பெயர்க்கப்படும். தமிழிலேயே மயங்கி நின்றதை எம்மொழிபெயர்ப்பும் தெளிவிக்காது.

அறுவைக்குப் பின் வரும் குழப்பத்துக்குச் 'சன்னி' என்னும் பழஞ்சொல் உண்டே என்பாரும் உளர். சித்த மருத்துவத்தில் அது விரிந்த பொருளுடைய சொல். வழக்கிலோ கடுங்காய்ச்சலையும் வலிப்பையும் சாவின் அண்மையையும் அது நினைவூட்டுகிறது. கட்டிலருகே அச்சொல்லைச் சொன்னால் வீடு முழுதும் அழத் தொடங்கும். 'மருள்' அழகிய சொல். தெருளோடு இணைந்து நிற்பது. எனினும் சாமியாடுதலை எண்ணச் செய்யும். 'நினைவுத் தடுமாற்றம்' என்பது எவர்க்கும் விளங்கும். தடுமாறியவர் மீண்டும் நிலைகொள்வார் என்னும் குறிப்பும் அதில் உண்டு. வீடு திரும்பிய பின் நீடிப்பதை 'நினைவு மந்தம்' எனலாம். 'மயக்கம்' என்பதை மருந்தின் வேலை இருக்கும் முதல் நாளுக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம்.

சொற்களினும் முதன்மையானது வாக்கியம். கட்டிலருகே உள்ளவர் சொல்லவேண்டிய வாக்கியங்களுள் தலையாயது, "நேற்று வரை அம்மா இப்படி இல்லை" என்பது. பாட்டியின் இயல்பு என்னவென்று மருத்துவர்க்குத் தெரியாது. இரவுக் காவலில் புதிதாக வந்த மிஸ்ஸிக்கும் தெரியாது. எழுபத்தெட்டு வயதினர் இப்படித்தான் இருப்பார் போலும் என்று அவர்கள் எண்ணக்கூடும். வீட்டில் நாள்தோறும் செய்தித்தாள் படித்தவர், தாமே சமைத்தவர், பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளை மறவாதவர் என்பதை மகள்தான் கூற இயலும். எப்போது தொடங்கியது, இரவில் மிகுகிறதா, உண்கிறாரா, சிறுநீர் இறங்கியதா என்று காலமும் இடமும் அளவும் கூறும் வாக்கியம் ஒரு பரிசோதனைக்கு நிகராகும்.

இத்தகைய வாக்கியங்களைக் கற்பிக்கத் தக்க இடம் தமிழ்ப்பள்ளியே. கட்டுரைப் பயிற்சியில் பொங்கல் திருநாளும் கோயில் திருவிழாவும் ஆண்டுதோறும் வருகின்றன. 'பாட்டிக்கு உடல்நலமில்லை, மருத்துவரிடம் கூறு' என்னும் தலைப்பு ஒருமுறையேனும் வரலாம். குமட்டலையும் கிறுகிறுப்பையும் கண்ணிருட்டலையும் மாணவர் பிரித்தறிந்து எழுதினால் அது சொல்வளப் பயிற்சியாகவும் அமையும். ஒருநாள் ஒரு கட்டிலருகே பயன்படவும் செய்யும். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் கூடியது கோலாலம்பூரில்தான். அவ்வூரின் ஆராய்ச்சி, அவ்வூர் மருத்துவமனையில் படுத்திருக்கும் தமிழ்ப் பாட்டிக்கும் எட்டுவது முறையே.

வேற்றுமை மயங்கும் இடத்தில் உருபு எதுவாயினும் பொருளை நோக்கித் தெளிக என்று வகுப்பறையில் கற்பிப்பவர் தமிழாசிரியர். அதே பாடம் அறுவைப் பிரிவின் கட்டிலருகிலும் வேண்டப்படுகிறது. நோயாளியின் மயக்கத்தை மருத்துவர் தெளிவிப்பார். சொல்லின் மயக்கத்தைத் தெளிவிக்கும் கடமை தமிழ் கற்பிப்பாரைச் சார்ந்தது.